கை குவித்தோம், கல்லை எடுத்தோமா?



திருப்பலியில் நற்கருணை உட்கொள்ளுமுன், ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவித்துக்கொள்ளும்படி குருவானவர் நம்மை அழைக்கிறார். நாமும் கை குவித்து, வலப்புறம் ஒருமுறையும் இடப்புறம் ஒருமுறையும் தலை தாழ்த்துகிறோம். அரை நிமிடத்தில் அது முடிந்துவிடுகிறது. அந்த அரை நிமிடத்தில் நாம் தருவது என்ன, பெறுவது என்ன என்று எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா? எங்கள் இல்லத்தில் அக்கேள்வி எழ ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

நாங்கள் உடன்பிறந்தோர் மூவர். கீழே வரும் செய்தியை எழுத மூவரும் மனம் ஒத்த பின்னரே எழுதுகிறோம். எங்கள் தந்தையார் ஊரில் மதிப்போடு வாழ்ந்தவர். கோவில் திருவிழாக் காணிக்கைப் பட்டியலில் அவர் பெயர் முதல் வரியில் இருக்கும். அவருடைய பங்காளி ஒருவர் 1974ஆம் ஆண்டில் காலமானார். அவருக்குப் பின் அவர் மனைவியும், பதினெட்டு வயது நிரம்பிய ஒரே மகனும் எஞ்சினர். நாங்கள் அவர்களைப் பெரியம்மா என்றும் அண்ணன் என்றும் அழைப்போம். இரு வீட்டார் தோட்டங்களுக்கும் நடுவே ஓர் எல்லைக்கல் இருந்தது. அடுத்த மழைக்காலம் வருமுன் அந்தக் கல், எட்டுத் தென்னை மரங்களைக் கடந்து அப்பால் போய் நின்றது. கல் தானாக நடக்குமா?

நியாயம் கேட்க வந்த அண்ணனை எங்கள் தோட்டத்து ஆட்கள் அடித்தனர். அவர் இடக்கை முறிந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடிச் சமாதானம் செய்துவைத்தனர். அந்தச் சமாதானத்தின் முதல் நிபந்தனை, “பனையிலிருந்து விழுந்துவிட்டான்” என்று மருத்துவமனையில் எழுதவைப்பது. எழுதவைத்தனர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எங்களைச் சூழ்ந்துகொண்டு கேட்டபோது, அதே சொற்களை மறுமொழியாகச் சொன்னவர்கள் நாங்களே. நாங்கள் சிறுவர்கள்தாம், ஆயினும் உண்மை எங்களுக்குத் தெரியும்.

1978ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் எங்கள் பங்கில் மூன்று நாள் தியானம் நடைபெற்றது. தந்தையார் மனம் நெகிழ்ந்தார். பாவசங்கீர்த்தனம் செய்தார். கடைசி நாள் மாலையில், கோவில் முகப்பில், ஊரார் பார்த்திருக்க, பெரியம்மாவின் முன் நின்று, “மதினி, எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள்” என்று கை குவித்தார். கூடியிருந்தோர் பலர் கண்ணீர் விட்டனர். பெரியம்மா கண்ணீர் விடவில்லை. “கும்பிட்டுவிட்டாய், தம்பி. கல்லை எப்போது எடுப்பாய்?” என்று மட்டும் கேட்டுவிட்டு நடந்தார். ஊரார் பெரியம்மாவையே குறை கூறினர். “இவ்வளவு பெரிய மனிதர் இறங்கி வந்தும் இந்த அம்மாளுக்கு மனம் இளகவில்லையே!” என்றனர். நாங்களும் அப்படியே எண்ணினோம். தந்தையார் 1999ஆம் ஆண்டில் நோயில்பூசுதல் பெற்று அமைதியாக இறந்தார். பெரியம்மா 2011ஆம் ஆண்டில் மறைந்தார். கல் நின்ற இடத்திலேயே நின்றது.

இந்தப் பழங்கதையை எங்களுக்கு மீண்டும் நினைவூட்டியது, நம் ஊரோடு யாதொரு தொடர்பும் இல்லாத ஒரு செய்தி. தென் ஆப்பிரிக்காவில் நாற்பது ஆண்டுகளுக்கு முன் கொல்லப்பட்ட நால்வரின் மரணத்தைப் பற்றி, 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நீதிமன்றம் மூன்றாம் முறையாக விசாரணை தொடங்கியது என்பதே அச்செய்தி. ஒரு நாட்டின் பெருந்துயரத்தையும் ஒரு தோட்டத்தின் எல்லைத் தகராற்றையும் ஒரே தராசில் நிறுத்துவது தகாது. நாங்கள் நிறுத்தவும் இல்லை. ஆனால் அந்த நாட்டின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, பெரியம்மாவின் குரல் எங்கள் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

அரசியலின் பெயரால் இரத்தம் சிந்தப்பட்ட நாடுகளில், துப்பாக்கி ஓய்ந்த மறுநாள் எழும் கேள்வி ஒன்றே: கொன்றவர்களை என்ன செய்வது? கொல்லப்பட்டவர்களின் வீட்டாருக்கு என்ன சொல்வது?

இதற்கு உலகம் கண்ட விடைகளுள் ஒன்று, நீதிமன்றம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில், 1945 நவம்பர் முதல் 1946 அக்டோபர் வரை, நாஜித் தலைவர்கள் விசாரிக்கப்பட்டனர். பன்னிருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மூவர் விடுதலை பெற்றனர். “மேலிடத்துக் கட்டளைக்குப் பணிந்தேன்” என்று சொல்லிக் குற்றவாளி தப்பிவிட முடியாது என்னும் நெறியை அந்த மன்றம் உலகுக்கு உணர்த்தியது. எனினும் முழுத் தோல்வி அடைந்த நாட்டில், வென்றவர்கள் அமைத்த மன்றம் அது. வென்றவரும் தோற்றவரும் இல்லாமல், இரு சாராரும் ஒரே நாட்டில் நாளையும் அடுத்தடுத்து வாழவேண்டிய இடங்களில் அத்தகைய மன்றத்தை அமைப்பது எளிதன்று.

மற்றொரு விடை, மறதி. ஸ்பெயின் நாட்டில் 1936 முதல் 1939 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. இரு தரப்பிலும் கொலைகள் நிகழ்ந்தன. ஏறத்தாழ 7,000 குருக்களும் துறவியரும் அக்காலத்தில் கொல்லப்பட்டதைத் திருச்சபை மறக்கவில்லை. வெற்றி பெற்ற பிராங்கோவின் ஆட்சி தன் எதிரிகளைக் கொன்று, பல்லாயிரம் பேரைப் பெயரற்ற குழிகளில் புதைத்தது. பிராங்கோ 1975ல் இறந்தபின், 1977ஆம் ஆண்டில் பொதுமன்னிப்புச் சட்டம் ஒன்று நிறைவேறியது. சிறையிலிருந்த அரசியல் கைதிகளுக்கு அது விடுதலை தந்தது. அடக்குமுறை செய்த அதிகாரிகளையும் அதுவே காத்தது. யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டாம் என்பது உடன்பாடு. அதன் நிழலில் மக்களாட்சி வேரூன்றியது உண்மையே. ஆனால் 2000ஆம் ஆண்டுக்குப் பின், கொல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் சாலையோரக் குழிகளைத் தோண்டி எலும்புகளைத் தேடத் தொடங்கினர். 2007லும் 2022லும் நினைவு பற்றிய புதிய சட்டங்களை அந்நாடு இயற்ற நேர்ந்தது. மூடிய புண் ஆறிய புண் ஆகிவிடாது என்பதை நம் பாட்டிமார் நன்கு அறிவர்.

இவ்விரண்டு வழிகளுக்கும் நடுவே ஒரு வழியைத் தேடியது தென் ஆப்பிரிக்கா. நிறத்தின் பெயரால் பெரும்பான்மை மக்களை அடிமைபோல் நடத்திய வெள்ளையர் ஆட்சி அங்கே போர்க்களத்தில் வீழவில்லை, பேச்சுவார்த்தையில் விலகியது. இராணுவமும் காவல் படையும் கலையாமல் அப்படியே இருந்தன. தங்களைத் தண்டிப்பார்கள் என்று அவர்கள் அஞ்சியிருந்தால், 1994ஆம் ஆண்டின் தேர்தல் அமைதியாக நடந்திருக்குமா என்பதே ஐயம். ஆகவே 1993ஆம் ஆண்டின் இடைக்கால அரசியலமைப்பிலேயே பொதுமன்னிப்புக்கு இடம் வைத்தனர். ஆனால் ஸ்பெயினைப்போல அதை இலவசமாக வழங்கிவிட அவர்கள் விரும்பவில்லை. உண்மையை அதற்கு விலையாக வைத்தனர்.

1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு அமைந்தது. ஆங்கிலிக்கன் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு அதன் தலைவர். 1960 மார்ச் முதல் 1994 மே வரை நிகழ்ந்த கொலை, கடத்தல், சித்திரவதை, கொடிய துன்புறுத்தல் ஆகியவற்றை விசாரிப்பது அதன் பணி. அடக்கியவர்கள் மட்டுமல்லர், விடுதலைக்காகப் போராடியவர்கள் செய்த கொடுமைகளும் விசாரணைக்கு உட்பட்டவையே. குற்றம் செய்தவர் தாமே முன்வந்து விண்ணப்பிக்கவேண்டும். தாம் செய்ததை முழுவதும் வெளிப்படுத்தவேண்டும். அது அரசியல் நோக்கத்தோடு செய்யப்பட்டது என்பதை நிலைநாட்டவேண்டும். அப்படிச் செய்தவருக்கு மன்னிப்பு உண்டு, மறைத்தவருக்கு இல்லை. மறுக்கப்பட்டவர்மீது வழக்குத் தொடரப்படும். இதுவே ஏற்பாடு. 7,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. அவற்றுள் 5,000க்கும் மேற்பட்டவை மறுக்கப்பட்டன. பாதிக்கப்பட்டவர்களுள் 21,000க்கும் மேற்பட்டோர் வாக்குமூலம் அளித்தனர்.

ஆணைக்குழுவின் முதல் பொது அமர்வு, 1996 ஏப்ரல் 15ஆம் நாள், ஈஸ்ட் லண்டன் என்னும் தென் ஆப்பிரிக்கத் துறைமுக நகரில் செபத்தோடு தொடங்கியது. அந்த வாரத்தில் சாட்சி சொன்னவர்களுள், நாங்கள் மேலே குறிப்பிட்ட நால்வரின் வீட்டாரும் இருந்தனர். மாத்யூ கோனிவே, ஃபோர்ட் கலாட்டா, ஸ்பாரோ இம்கோண்டோ, சிசெலோ இம்லாவுலி என்பன அவர்கள் பெயர்கள். கோனிவேயும் கலாட்டாவும் கிரடாக் என்னும் சிற்றூரில் ஆசிரியர்களாயிருந்து, மக்களைத் திரட்டிப் போராடியவர்கள். 1985 ஜூன் 27ஆம் நாள் இரவில், போர்ட் எலிசபெத் நகரில் ஒரு கூட்டம் முடிந்து நால்வரும் காரில் திரும்பும்போது, பாதுகாப்புக் காவலர்கள் வழிமறித்துக் கொன்று உடல்களை எரித்தனர். கலாட்டாவின் மனைவி அப்போது நிறைகர்ப்பிணி. பதினோர் ஆண்டுகளுக்குப்பின் அவர் சாட்சி சொல்ல அமர்ந்து, நடுவில் பேச்சு நின்றுபோய், தலையைப் பின்னே சாய்த்து ஓலமிட்டார். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாடே அதைக் கேட்டது. அந்த ஓலத்தில்தான் ஆணைக்குழுவின் பணி உண்மையில் தொடங்கியது என்று சொல்பவர்கள் உண்டு.

அதே அமர்வில் இம்லாவுலியின் மகள், பத்தொன்பது வயது இளம்பெண், ஒரு கருத்தைச் சொன்னாள். எங்களுக்கு மன்னிக்க மனம் உண்டு. ஆனால் யாரை மன்னிப்பது என்று தெரியவில்லையே என்பதுதான் அது. அன்புக் குடும்பங்களே, இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். மன்னிப்பு என்பது காற்றில் வீசி எறியும் பொருளன்று. பெயர் கொண்ட ஒருவர், பெயர் கொண்ட ஒரு தீமையைச் செய்த இன்னொருவருக்குத் தருவது. உண்மை வெளிவராத இடத்தில், “மன்னித்துவிடு” என்று பாதிக்கப்பட்டவரை வற்புறுத்துவது அவர்மேல் இன்னொரு சுமையை ஏற்றுவதாகும். எங்கள் தந்தையார் பெரியம்மாவிடம் “எல்லாவற்றையும்” மறந்துவிடச் சொன்னார். அந்த “எல்லாம்” எவை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கல்லின் பெயரும் கையின் பெயரும் வந்திருக்கும்.

நாம் சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில், நல்ல பாவசங்கீர்த்தனத்திற்கு வேண்டியவற்றை மனப்பாடம் செய்தோம்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்யமாட்டேன் என்னும் பிரதிக்கினை, பாவத்தை வெளியிடுதல், பரிகாரம். திருடியவன் பாவத்தை வெளியிட்டால் மட்டும் போதாது. திருடியதைத் திருப்பித் தரவேண்டும் என்றும் உபதேசியார் சொல்லித் தந்தார். இந்த அளவுகோலை எடுத்துத் தென் ஆப்பிரிக்காவின் முயற்சியை அளந்து பார்த்தோம். நாடு தன் ஆத்துமத்தைச் சோதித்தது. பாவங்கள் பல, ஊரறிய வெளியிடப்பட்டன. மன்னிப்பும் தரப்பட்டது. ஆனால் மனஸ்தாபத்தைச் சட்டம் கேட்கவில்லை. வருந்துகிறேன் என்று ஒரு சொல் சொல்லாமலே, நடந்ததை முழுவதும் சொன்னவர் மன்னிப்புப் பெறலாம். இதைப் பலர் குறை கூறினர். எங்களுக்கு இது அவ்வளவு பெரிய குறையாகத் தோன்றவில்லை. சட்டம் கண்ணீரைக் கேட்டிருந்தால் பொய்க் கண்ணீர் பெருகியிருக்கும். உள்ளத்தை அளக்க எந்த நீதிபதியிடமும் தராசு இல்லை.

பெருங்குறை பரிகாரத்தில் நேர்ந்தது. மன்னிப்புப் பெற்றவர்மீது பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோரி வழக்குத் தொடுக்கவும் இயலாது என்று சட்டம் சொன்னது. அதை எதிர்த்துச் சிலர் வழக்காடியும், 1996ஆம் ஆண்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. குற்றவாளிக்கு மன்னிப்பு உடனே கைக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர் காத்திருந்தார். அவர்களுக்கு ஆறு ஆண்டுகள் தொடர்ந்து உதவித்தொகை வழங்க ஆணைக்குழு பரிந்துரைத்தது. செல்வரிடமும் பெருநிறுவனங்களிடமும் வரியாக நிதி திரட்டும் யோசனையையும் முன்வைத்தது. அரசு 2003ஆம் ஆண்டில் அறிவித்ததோ, தலைக்கு 30,000 ராண்டு, ஒரே ஒரு தடவை. அந்த வரி வரவேயில்லை.

நிலமோ ஆணைக்குழுவின் வாசலுக்கே வரவில்லை. 1913ஆம் ஆண்டின் நிலச் சட்டம், நாட்டின் பெரும்பான்மையினரான ஆப்பிரிக்கருக்கு நிலத்தில் ஏறக்குறைய 7 விழுக்காட்டை மட்டும் ஒதுக்கியது. 1936ல் அது ஏறக்குறைய 13 விழுக்காடு ஆயிற்று. வீடு இடிக்கப்பட்டுத் துரத்தப்பட்டவர்கள், அனுமதிச் சீட்டு இல்லாமல் தெருவில் நடந்ததற்காகச் சிறை சென்றவர்கள் இலட்சக்கணக்கானவர். அவர்கள் துயரம் கொலை, சித்திரவதை என்னும் வரையறைக்குள் அடங்கவில்லை. நிலத்தை மீட்பதற்கெனத் தனிச் சட்டமும் தனி மன்றமும் உண்டாயின என்பது மெய்யே. ஆயினும் அப்பணி மிக மெதுவாகவே நடந்துவருகிறது. அடித்தவனைப் பற்றிப் பேசிய நாடு, அடித்ததற்குக் காரணமான எல்லைக்கல்லைப் பற்றி அதே மூச்சில் பேசவில்லை. இதைப் படித்த அன்று எங்களில் இளையவள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டாள்.

இப்படிச் சொல்வதால் அந்த ஆணைக்குழு வீண் என்று நாங்கள் கருதுவதாக யாரும் எண்ணவேண்டாம். பொய்யை ஏட்டிலிருந்து அகற்றுவதே ஒரு பெரிய பரிகாரம். அகமது திமோல் என்னும் இளம் ஆசிரியர் 1971 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க் நகரில் காவலில் இருக்கும்போது இறந்தார். பத்தாம் மாடியிலிருந்து தாமே குதித்தார் என்று 1972ல் நீதிமன்றம் எழுதிவைத்தது. அவர் தாயார் ஆணைக்குழுவின்முன் வந்து சாட்சி சொன்னார். உறவினர் விடாமல் முயன்றனர். 2017ஆம் ஆண்டில் மற்றொரு நீதிபதி மறுவிசாரணை செய்து, அது தற்கொலையன்று, கொலை என்று தீர்ப்பளித்தார். நாற்பத்தைந்து ஆண்டுகள் ஒரு குடும்பம் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தது. “மாடியிலிருந்து குதித்தார்”, “பனையிலிருந்து விழுந்தான்”. இரண்டும் ஒரே பேனாவால் எழுதப்பட்டவையாகவே எங்களுக்குத் தோன்றின.

உண்மையை எழுதுவதற்கு விலையும் உண்டு. மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டில் 36 ஆண்டுகள் உள்நாட்டுப் போர் நடந்து, 2,00,000 பேர் வரை மாண்டனர் அல்லது காணாமற்போயினர். அங்கே திருச்சபையே மலைக் கிராமங்களுக்குச் சென்று, ஆயிரக்கணக்கான ஏழை மக்களின் வாக்குமூலங்களை அவர்கள் மொழியிலேயே கேட்டுத் தொகுத்தது. அப்பணியை வழிநடத்திய துணை ஆயர் ஹுவான் ஹெரார்டி, 1998 ஏப்ரல் 24ஆம் நாள் பேராலயத்தில் அவ்வறிக்கையை வெளியிட்டார். இரண்டு நாட்களில், தம் பங்கு இல்லத்திலேயே கொல்லப்பட்டார். 2001ஆம் ஆண்டில் மூன்று இராணுவத்தினரும், நமக்கு வெட்கமாக, ஒரு குருவும் அவ்வழக்கில் தண்டனை பெற்றனர். உண்மையை அஞ்சுகிறவர்கள் வெளியில் மட்டும் இல்லை.

கிரடாக் நால்வரின் வழக்குக்கு மீண்டும் வருவோம். கொன்றவர் அடையாளம் தெரியாதவர் என்றது முதல் விசாரணை. பாதுகாப்புப் படையினரே பொறுப்பு, ஆனால் இன்னார் என்று சொல்ல இயலாது என்றது 1994ல் முடிந்த இரண்டாம் விசாரணை. காவல் அதிகாரிகள் சிலர் பொதுமன்னிப்புக் கேட்டு ஆணைக்குழுவிடம் வந்தனர். உண்மையை முழுவதும் சொல்லவில்லை என்று அவர்களில் அறுவருக்கு 1999ல் மன்னிப்பு மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டவர்மீது வழக்குத் தொடர்வதுதானே ஏற்பாடு? தொடரவில்லை. இத்தகைய வழக்குகள் ஏறக்குறைய 300, அரசு வழக்குத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டு, பெரும்பாலும் தூங்கின. 2025ஆம் ஆண்டில் மூன்றாம் விசாரணை தொடங்கியபோது, அந்த அறுவரில் ஒருவரும் உயிரோடு இல்லை. வழக்குகளைத் தூங்கவைத்தது யார் என்று ஆராய, அதே ஆண்டில் குடியரசுத் தலைவர் தனியாக ஓர் ஆணையம் அமைக்க நேர்ந்தது. மன்னிப்புக்கு உண்மையை விலையாகக் கேட்ட நாடு, விலை கொடுக்காதவரிடம் கடனை வசூலிக்க மறந்தது. விதவைகள் முதுமையடைந்தனர். தந்தை முகம் காணாத பிள்ளைகளுக்கு நாற்பது வயது ஆயிற்று.

இதைப் படித்து முடித்தபோது எங்களுக்கு ஒரு நடுக்கம் ஏற்பட்டது. எங்கள் அண்ணனுக்கும் இப்போது எழுபது வயதாகிறது. நாங்கள் மூவரும் அறுபதைத் தாண்டிவிட்டோம். காலம் எங்களுக்காகக் காத்திருக்குமா?

மூவரும் கூடிப் பேசினோம். உடன்பாடு எளிதில் வரவில்லை. எங்களில் மூத்தவர், “இறந்தவரின் பெயரைத் தெருவில் இழுப்பதா? தந்தையார் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டாரே” என்றார். தந்தையார் குருவானவரின் காதில் சொன்னதை நாங்கள் அறியோம், அறியவும் கூடாது. “அப்பாவின் பாவத்தை அப்பாவும் கடவுளும் பார்த்துக்கொள்வார்கள். தேங்காயைத் தின்பது நாம்” என்றாள் இளையவள். அதற்குமேல் விவாதம் நடக்கவில்லை. நில அளவையர் வந்து பழைய வரைபடத்தை விரித்து, சங்கிலி பிடித்து அளந்தார். ஏறக்குறைய ஐந்து சென்ட் நிலம். எட்டு மரங்களில் மூன்றுதான் இன்று நிற்கின்றன. சக்கேயு ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார் என்று நற்செய்தியில் வாசிக்கிறோம். எங்களால் நான்கு மடங்கு இயலவில்லை. இத்தனை ஆண்டுக் காய்களின் கணக்கை, குறைக்காமல் ஒரு மடங்காவது எழுதி எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குச் சென்றோம்.

அண்ணன் தாளை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நிலம் சரி. நான் பனை ஏறத் தெரியாதவன் என்பதை யார் சொல்வார்கள்?” என்று கேட்டார். ஐம்பது ஆண்டுகள் அவரை அரித்தது எட்டு மரங்கள் அல்ல என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. ஊரார் அவரைக் கைதவறி விழுந்தவன் என்று கேலி செய்ததையும், அவர் பிள்ளைகளே அதை நம்பி வளர்ந்ததையும் அவர் சொல்லக் கேட்டோம்.

பங்குத்தந்தையின் இசைவோடு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்தபின், எங்கள் தந்தையார் கை குவித்து நின்ற அதே கோவில் முகப்பில் நாங்கள் மூவரும் நின்றோம். கல்லை நகர்த்தியது எங்கள் குடும்பம், கையை முறித்தது எங்கள் ஆட்கள், பனை என்பது பொய், அப்பொய்யைப் பரப்பியவர்களுள் நாங்களும் உண்டு என்று மூத்தவர் வாய்விட்டுச் சொன்னார். யாரும் கண்ணீர் விடவில்லை. முதியவர் சிலர் தலை குனிந்தனர். அவர்களுக்கும் உண்மை தெரிந்திருந்தது. அண்ணன் எங்களை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மன்னிப்பு அவருடைய கொடை. நாங்கள் வசூலிக்கும் வரி அன்று. அடுத்த வாரத் திருப்பலியில் சமாதானம் தெரிவிக்கும் நேரத்தில் அவர் எங்கள் பக்கம் திரும்பினார். இடக்கை முழுவதும் உயராது. ஆதலால் வலக்கையை மட்டும் நெஞ்சில் வைத்துச் சற்றே தலை தாழ்த்தினார்.

அன்புக் குடும்பங்களே, நாடுகளின் நீதியை அமைப்பது நம் கையில் இல்லாதிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வீட்டின் கொல்லைப்புறத்திலும் நகர்த்தப்பட்ட கல் ஒன்று இருக்கக்கூடும். ஒவ்வொரு தெருவிலும் பனையேறத் தெரியாமலே பனையிலிருந்து விழுந்தவர் ஒருவர் இருக்கக்கூடும். அடுத்த முறை கை குவிக்குமுன் அவரை நினைப்போம். முதலில் நடந்ததைச் சொல்வோம். எடுத்ததைத் திருப்பித் தருவோம். அதன்பின் கை குவிப்போம். பெரியம்மா இருந்து பார்த்திருக்கலாம் என்னும் ஏக்கம் எங்களுக்கு என்றும் தீராது. உங்கள் பெரியம்மாக்கள் இன்னும் உயிரோடு இருக்கலாம்.